வெள்ளம் எந்தப் பக்கம்

எண்ணூர் முகத்துவாரத்தில் யாராவது தண்ணீரோடு போய்விட்டால், போலீசுக்குத் தகவல் போவதற்கு முன்பே எத்திராஜ் வீட்டுக்கு ஆள் போய்விடும். முகத்துவாரக்குப்பத்தில் அவன் வீடு எது என்று கேட்க வேண்டியதில்லை. அழுதுகொண்டு ஓடி வருகிறவர்களைப் பார்த்தாலே குப்பத்து ஜனங்கள் கையைக் காட்டிவிடுவார்கள். அவன் சாப்பிட்டுக்கொண்டிருந்தால் கையைக் கழுவிவிட்டு எழுந்து வருவான். ஒரு டீகூட வாங்கிக் குடிக்க மாட்டான். இப்படி ஒரு மனுஷன் இருந்ததை நான் எழுதாவிட்டால் வேறு யாரும் எழுதப்போவதில்லை. வடசென்னை என்றால் பத்திரிகைக்காரர்களுக்கு வெட்டுக்குத்து மட்டும்தானே ஞாபகம் வரும்.

தொழிலுக்கு அவன் காசிமேட்டில் விசைப்படகு டிரைவர். பிணம் எடுப்பது தொழில் இல்லை, அவனுக்கு அது கைவந்திருந்தது, அவ்வளவுதான். ஆள் விழுந்த இடத்தைக் காட்டச் சொல்வான். அங்கே ஒரு பனையோலைத் துண்டைக் கிள்ளிப் போட்டுவிட்டு, ஒரு பீடி எரிகிற நேரம் பார்த்துக்கொண்டு நிற்பான். எங்கள் பக்கத்துக் கடல்காரர்கள் நீரோட்டத்தை வெள்ளம் என்பார்கள். தெற்கிலிருந்து வடக்கே இழுத்தால் அதற்கு ஒரு பேர், வடக்கிலிருந்து தெற்கே இழுத்தால் இன்னொரு பேர். ஓலை போகிற திசையையும் காற்றையும் பார்த்துவிட்டு, நாளைக்குக் காலையில் இன்ன இடத்தில் ஒதுங்கும் என்று சொல்வான். பெரும்பாலும் அந்த இடத்துக்கு அரை மைல் இப்படி அப்படித்தான் கிடைக்கும். விழுந்த இடத்தில் தேடுகிறவனைப் பார்த்தால் அவனுக்குச் சிரிப்பு வரும். கடல் எவனையும் விழுந்த இடத்தில் வைத்துக்கொண்டிருக்காது என்பான்.

எனக்கு அவன் சிநேகிதமானதும் ஒரு பிணத்தால்தான். நானும் பக்தவச்சலமும் காலடிப்பேட்டையில் ஒரே தெருவில் பிறந்து ஒரே பள்ளிக்கூடத்தில் ஃபெயில் ஆனவர்கள். நான் ஒரு கம்பெனி ஸ்டோரில் ஒட்டிக்கொண்டேன். அவன் லேத் பட்டறையில் சேர்ந்து, நல்ல கைக்காரன் என்று பெயர் வாங்கினான். அவன் மனைவி புஷ்பவல்லிக்கு அப்பா அம்மா இல்லை, கூடப் பிறந்தது உதயா என்று ஒரே தம்பி. 1999இல் அந்த உதயா, கல்யாணத்துக்குப் பெண் பார்த்து வைத்திருந்த நேரத்தில், முகத்துவாரத்தில் குளிக்கப் போய்த் திரும்பவில்லை. இரண்டு நாள் தீயணைப்புக்காரர்கள் தேடினார்கள். மூன்றாம் நாள் எத்திராஜ் கடலில் தொழிலுக்குப் போனவன் கரைக்கு வந்தான், விஷயம் கேட்டான், மத்தியானத்துக்குள் உதயாவைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து அவள் முன்னால் கிடத்தினான். முகம் தெரிகிற மாதிரி ஈரத்துணியால் துடைத்தும் கொடுத்தான். அன்றிலிருந்து புஷ்பவல்லி அவனை அண்ணா என்றுதான் கூப்பிட்டாள். தீபாவளிக்கு அவன் வீட்டுக்கு முறுக்கு போகும், அவன் வீட்டிலிருந்து இவள் வீட்டுக்கு வஞ்சிரம் வரும்.

2001இல் மீன்பிடித் தடைக்காலம் வந்தது. வருஷத்தில் நாற்பத்தைந்து நாள் விசைப்படகு எதுவும் கடலுக்குப் போகக்கூடாது என்று சட்டம். எத்திராஜ் கரையில் உட்கார்ந்து உட்கார்ந்து பைத்தியம் பிடித்தவன் மாதிரி ஆனான். அவனோடு படகு எஞ்சின் பார்க்கிற ராயபுரத்து மெக்கானிக் சௌக்கத் அலியும் வேலையில்லாமல் சுற்றிக்கொண்டிருந்தான். எங்காவது போவோம் என்று பேச்சு வந்தபோது எத்திராஜ் ஒரு ஆசை சொன்னான். நாலு பக்கமும் கரை தெரிகிற தண்ணீரில் ஒரு நாள் படகில் உட்கார வேண்டுமாம். பக்தவச்சலம் பட்டறையில் யாரையோ கேட்டு ஜவ்வாது மலையில் ஒரு ஏரி இருப்பதைத் தெரிந்துகொண்டு வந்தான்.

ஜோலார்பேட்டை வரைக்கும் ரயில், திருப்பத்தூரிலிருந்து பஸ், கடைசி நாலு மைலுக்கு ஜீப். படகிலிருந்து கழற்றிய தார்ப்பாயையும் கயிற்றையும் நாங்கள் தூக்கிக்கொண்டு போய் ஏரிக்கரையில் கூடாரம் கட்டியதை மலைக்காரர்கள் கூட்டம் கூடி வேடிக்கை பார்த்தார்கள். மே மாதத்தில் போர்வை கேட்கிற குளிர். அங்கே படகு என்றால் பரிசல்தான். பரிசல் கிருஷ்ணப்பனுடையது. அவர் ஏரியில் மீன் பிடித்து ஊருக்குள் விற்கிறவர், வாய் அதிகம் பேசாதவர். முதல் வருஷம் எத்திராஜ் பெரிய தோரணையில் துடுப்பை வாங்கிப் போட்டான். பரிசல் போக வேண்டிய பக்கம் போகாமல் ராட்டினம் சுற்றியது. பக்தவச்சலம் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் விட்டான். அதற்கப்புறம் துடுப்பு கிருஷ்ணப்பன் கையிலேயே இருந்தது.

இப்படி ஐந்து வருஷம். மூன்று ராத்திரி, நாலு பகல். நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு, சாமைச் சோறு, ஏரி மீனில் சேற்று வாடை அடிக்கிறது என்று எத்திராஜின் ஓயாத புகார். பரிசலில் ஏறுகிற நாளில் சாராயம் கூடாது என்று அவன் ஒரு கட்டளை போட்டிருந்தான். நாங்கள் அதை மீறியதில்லை. இதை இங்கே அழுத்திச் சொல்கிறேன், காரணம் பின்னால் வரும். ஒவ்வொரு தடவையும் கிளம்பும்போது புஷ்பவல்லி வாசலில் நின்று பயணச்சோறு கட்டிய பையைக் கொடுப்பாள். பயப்படுகிறவள்தான். தம்பியைத் தண்ணீரில் விட்டவள் புருஷனைத் தண்ணீருக்கு அனுப்புவாளா? ஆனால் எத்திராஜ் கூடப் போகிறான் என்றால் அவளுக்குத் தைரியம். அவனும் ஒவ்வொரு வருஷமும் அவளிடம் சொல்லிவிட்டுத்தான் கிளம்புவான்.

"இட்டுகினு போறா மாதிரியே இட்டாந்து வுட்டுடறேன் தங்கச்சி."

ஆறாவது வருஷம், 2006. அதற்கு முந்தைய மழையில் அந்த ஏரி நிரம்பிக் கரையைத் தொட்டுக்கொண்டு நின்றது. கரையோரத்து முள்புதரெல்லாம் தண்ணீருக்கு அடியில் போயிருந்தது. கிருஷ்ணப்பன் முதல் நாளே சொன்னார். நாங்கள் காதில் வாங்கினோமா என்றால் இல்லை. கடல்காரனைக் கூட வைத்துக்கொண்டு ஏரிக்குப் பயப்படுவது எங்களுக்குக் கேவலமாக இருந்தது.

இரண்டாம் நாள் காலை, பதினொரு மணி இருக்கும். சௌக்கத் அலி கரையில் சமைத்துக்கொண்டிருந்தான். பரிசலில் கிருஷ்ணப்பன், எத்திராஜ், பக்தவச்சலம், நான். எனக்கு நீச்சல் தெரியாது. பக்தவச்சலம் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு குளிக்கக் குதித்தான். ஒரு தடவை மேலே வந்து, தண்ணீர் ஐஸ் மாதிரி இருக்கிறது என்று என் மேல் வாரி அடித்தான். அடியைத் தொட்டு மண் எடுத்து வருகிறேன் என்று மறுபடியும் முங்கினான். எத்திராஜ் பீடி பற்றவைத்தான். பாதி பீடி ஆனது. பக்தவச்சலம் வரவில்லை.

எத்திராஜ் பீடியை எறிந்துவிட்டு எழுந்து நின்றான். பரிசல் ஆடியது. கிருஷ்ணப்பனைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டான்.

"வெள்ளம் எந்தப் பக்கம்?"

கிருஷ்ணப்பனுக்கு அது புரியவில்லை. அவர் ஊரில் வெள்ளம் என்றால் மழை கொட்டி வீடு முழுகுவது. மனுஷன் வானத்தை நிமிர்ந்து பார்த்தார். எத்திராஜ் கெட்ட வார்த்தை சொல்லிவிட்டு, தண்ணீர் எந்தப் பக்கம் போகிறது என்று கத்தினான். கிருஷ்ணப்பன் மதகு இருந்த திசையைக் காட்டினார். கேட்ட கேள்விக்கு அது சரியான பதில். மதகைத் திறந்தால் தண்ணீர் அந்தப் பக்கம்தான் போகும். அன்றைக்கு மதகு மூடியிருந்தது. காற்றும் அந்தப் பக்கமே அடித்து மேல்தண்ணீரை அலை அலையாகத் தள்ளிக்கொண்டிருந்தது. எத்திராஜுக்கு அது போதும். குதித்து மதகைப் பார்த்து நீந்தினான். நான் பார்த்த நீச்சல்களில் அதைப் போல வேகமான நீச்சல் இல்லை. ஐம்பது கை தள்ளிப் போய் முங்கினான். எழுந்தான். இன்னும் பத்துக் கை தள்ளி முங்கினான்.

காற்றுக்கு நகராமல் கிருஷ்ணப்பன் பரிசலை நின்ற இடத்திலேயே நிறுத்தினார். நீச்சல் தெரியாத என்னைத் தனியாக விட்டுவிட்டு அவரால் குதிக்க முடியாது. மூங்கில் கழியைத் தண்ணீரில் விட்டுக் குத்திப் பார்த்தார். கழி எதிலோ சிக்கிக்கொண்டு வந்தது. நான் விளிம்பைப் பிடித்துக்கொண்டு தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தேன். பரிசலுக்கு ஒரு முழம் தள்ளிக் குமிழி வந்தது. சின்னச் சின்னதாக, ஒரு கொத்து. அப்புறம் இன்னொரு கொத்து. நான் பார்த்தேன். எத்திராஜைக் கூப்பிட வாயைத் திறந்தேன், ஆனால் கூப்பிடவில்லை. தண்ணீர் சமாச்சாரத்தில் அவனுக்குச் சொல்ல நான் யார் என்று நினைத்தேன். இதை இதுவரை நான் யாரிடமும் சொன்னதில்லை.

கிருஷ்ணப்பன்தான் சொன்னார். இரண்டு கையையும் வாயில் குவித்து மதகுப் பக்கம் கூவினார்.

"அங்க இல்லீங்க. உழுந்த எடத்துலயே இருப்பாருங்க."

எத்திராஜ் தலையை மட்டும் தூக்கினான். மூச்சு வாங்கியது.

"எத்தினி பொணம் எடுத்தவன் நானு. எனக்கு சொல்லித் தர்றியா?"

அந்த வார்த்தையை நான் பல வருஷம் யோசித்துவிட்டேன். பக்தவச்சலம் முங்கி அப்போது மூன்று நிமிஷமோ நாலு நிமிஷமோ. உயிர் இருந்திருக்கும். மேலே தூக்கிப் போட்டு வயிற்றை அமுக்கியிருந்தால் திட்டிக்கொண்டே எழுந்து உட்கார்ந்திருப்பான். ஆனால் எத்திராஜ் உயிரோடு இருக்கிற ஆளைத் தண்ணீரில் தேடிப் பழகியவன் இல்லை. அவனைத் தேடி எவ்வளவு வேகமாக ஆள் ஓடி வந்தாலும், அதற்குள் தண்ணீரில் போனவன் உயிர் போயிருக்கும். அவன் கைக்கும் காலுக்கும் தெரிந்தது பிணம் தேடுகிற வித்தை ஒன்றுதான். அதைத்தான் செய்தான். பக்தவச்சலத்தை அவன் தேடவே இல்லை என்றுகூடச் சொல்வேன்.

கிருஷ்ணப்பன் கூவிய கூவலில் அவர் பங்காளிகள் கரையிலிருந்து துரட்டிக் கழிகளோடு இன்னொரு பரிசலில் வந்தார்கள். நேராக எங்கள் பரிசலுக்குப் பக்கத்தில் துரட்டியை இறக்கினார்கள். இரண்டே தடவைதான் போட்டிருப்பார்கள். முள்ளில் மாட்டிக் கிழிந்த லுங்கியோடு பக்தவச்சலம் மேலே வந்தான். இரண்டு ஆள் ஆழம்கூட இல்லை. முங்கி இருபத்தைந்து நிமிஷம் ஆகியிருந்தது. அதற்குள் எத்திராஜ் மதகுப் பக்கத்திலிருந்து நீந்தி வந்து பரிசலைப் பிடித்துக்கொண்டான். அவன் பக்தவச்சலத்தின் முகத்தைப் பார்க்கவில்லை. அந்த இடத்துத் தண்ணீரையே பார்த்தான்.

"இங்கியா?" என்று கேட்டான்.

அப்புறம் நடந்ததெல்லாம் எல்லோருக்கும் நடக்கிறதுதான். போலீஸ், அறுப்பு, கையெழுத்து. எழுதிக்கொண்டவர் எங்கள் ஊரைக் கேட்டார், உடனே எவ்வளவு குடித்திருந்தீர்கள் என்று கேட்டார். யாரும் குடிக்கவில்லை என்று நான் சொன்னேன். அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். எங்கள் ஊர்க்காரன் தண்ணீரில் செத்தால் குடித்துத்தான் செத்தான் என்று முதலிலேயே எழுதி வைத்துவிட்டார்கள் போல. அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கை அரிக்கிறது.

வேன் ஆம்பூர் தாண்டும்போது சௌக்கத் அலிதான் அந்தப் பேச்சை எடுத்தான். அவன் கெட்டவன் இல்லை, புஷ்பவல்லிக்கு வலிக்கக்கூடாது என்று நினைத்தவன்.

"தண்ணி இஸ்துகினு பூடுச்சுன்னு சொல்லிடலாம் மாமு. உயுந்த எடத்துலயே இருந்தான்னு தெரிஞ்சா அது தாங்காது."

நான் தலையாட்டினேன். எத்திராஜ் வேனின் தரையில் பக்தவச்சலத்தின் கால்மாட்டில் உட்கார்ந்திருந்தான். அவன் ஆமாம் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

காலடிப்பேட்டையில் வேன் நின்றது. புஷ்பவல்லி கதறுவாள், எங்களை அடிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் புருஷனைப் பார்த்தாள், எங்கள் மூன்று பேரையும் பார்த்தாள். எத்திராஜ் அண்ணன் அப்போது பக்கத்தில் இல்லையா என்று மட்டும் கேட்டாள். இருந்தார், தண்ணீர் இழுத்துக்கொண்டு போய்விட்டது, அவரால் முடிந்ததைப் பார்த்தார் என்று சௌக்கத் அலி சொன்னான். அவள் நம்பினாள். அதற்கப்புறம்தான் அழுதாள். எத்திராஜின் கையைப் பிடித்துக்கொண்டுதான் அழுதாள். அந்தக் கையைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை.

அந்த வருஷத்தோடு ஏரிக்குப் போவது நின்றுபோனது. மறு வருஷம் ஆடியில், முகத்துவாரத்தில் ஒரு கல்லூரிப் பையனைத் தண்ணீர் கொண்டுபோனது. வழக்கம்போல அழுதுகொண்டு எத்திராஜ் வீட்டுக்கு ஓடினார்கள். அவன் வீட்டுக்குப் பின்னால் வலைக்குவியலுக்கு நடுவே குந்திக்கொண்டிருந்தான். அவன் மனைவி பூமாரி வாசலில் நின்று, அவர் கடலுக்குப் போயிருக்கிறார் என்று பொய் சொன்னாள். தடைக்காலம் முடிந்த சமயம், அதனால் நம்பிவிட்டார்கள். அடுத்த தடவை நம்பவில்லை. எத்திராஜுக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது என்று குப்பத்தில் பேசிக்கொண்டார்கள். பேசட்டும் என்று விட்டுவிட்டான். கடலுக்குப் போவான், வருவான், தூங்குவான். என்னைப் பார்த்தால் பீடியை நீட்டுவான், பக்தவச்சலம் பேச்சை மட்டும் எடுக்கமாட்டான்.

புஷ்பவல்லியை மட்டும் அவனால் தள்ள முடியவில்லை. அவள் முன்னைவிட அதிகமாக அண்ணன் அண்ணன் என்று வந்தாள். வேறு யார் இருக்கிறார்கள் அவளுக்கு? ஒரு தையல் கம்பெனியில் வேலை பார்த்து, ஜெயஸ்ரீ என்கிற ஒரே மகளை வளர்த்துக்கொண்டிருந்தாள். 2008 தை மாதம் ஜெயஸ்ரீ பெரியவளானாள். மஞ்சள் நீராட்டு விழா வைத்தால் தாய்மாமன் சீர் எடுத்து வந்து பெண்ணுக்கு மாலை போட வேண்டும். தாய்மாமன் உதயாதான் செத்து ஒன்பது வருஷம் ஆகிறதே. மாமன் இல்லாத பெண் என்று ஊரில் ஒரு சொல் வந்துவிடக்கூடாது என்று அவளுக்குப் பயம். எத்திராஜ் அண்ணன் மாமனாக நிற்கட்டும் என்று தீர்மானித்தாள். மீன்காரன் எப்படி நமக்கு மாமன் ஆவான் என்று பக்தவச்சலத்தின் சொந்தக்காரர்கள் முணுமுணுத்தார்கள். என் தம்பியைத் தோளில் சுமந்தவர்தான் என் பெண்ணுக்கு மாமன் என்று அவள் ஒரே வார்த்தையில் அடக்கிவிட்டாள். பத்திரிகையிலும் தாய்மாமன் என்று அவன் பேரைப் போட்டுவிட்டாள்.

அந்தப் பத்திரிகையைக் கையில் வைத்துக்கொண்டு எத்திராஜ் என் வீட்டுக்கு வந்தான். விழாவுக்கு ஐந்து நாள்தான் இருந்தது. நான் அவளிடம் சொல்லப்போகிறேன், நீயும் கூட வா என்றான். வேண்டாம் என்று தடுத்துப் பார்த்தேன். இரண்டு வருஷம் கழித்துச் சொல்லி யாருக்கு என்ன பிரயோசனம், பெண் விசேஷம் முடியட்டும் என்றேன். அந்தப் பெண்ணுக்கு மாலை போடுகிற கை எது என்று அவள் அம்மாவுக்குத் தெரிய வேண்டும் என்றான். நான் சட்டையை மாட்டிக்கொண்டு அவனோடு கிளம்பினேன். என் பயம் எனக்குத் தெரியும்.

புஷ்பவல்லி எங்களை உட்காரச் சொன்னாள். எத்திராஜ் உட்காரவில்லை. ஜெயஸ்ரீ உள்ளே ஓலைத் தடுப்புக்குப் பின்னால் இருந்ததால் குரலைத் தாழ்த்திச் சொன்னான்.

"தண்ணி அவன எங்கியும் இஸ்துகினு போவல தங்கச்சி. உயுந்த எடத்துலயேதான் இருந்தான். நான்தான் வேற எடத்துல போய் தேடிகினு இருந்தேன். அந்த பரிசல்காரர் சொன்னாரு, நான் கேக்கல."

அவள் கையிலிருந்த சொம்பைக் கீழே வைத்தாள். எவ்வளவு நேரம் என்று கேட்டாள். இருபத்தைந்து நிமிஷம் என்றான். விழுந்த இடத்தில் முங்கி எடுக்க எவ்வளவு நேரம் ஆகியிருக்கும் என்று கேட்டாள். அவன் பொய் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. ஒரு நிமிஷம் என்றான். என் வாய் அப்போதும் திறக்கவில்லை.

அடுப்பில் சோறு பொங்கி வழிந்தது, அவள் எழுந்து போய் இறக்கி வைத்துவிட்டு வந்தாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே பேசினாள். குரலில் அழுகை இல்லை.

"பத்திரிக அடிச்சாச்சு. எனக்கு வேற ஆளு இல்ல. ஞாயித்துக்கெயம பத்து மணிக்கு வா, மாலைய போடு. அதுக்கப்புறம் இந்த வூட்டுப் பக்கம் வராத."

ஞாயிற்றுக்கிழமை எத்திராஜ் வந்தான். பூமாரியும் அவன் பக்கத்து ஜனங்களும் பதினொரு தட்டு சுமந்து வந்தார்கள். மேளக்காரர்களைக்கூட அவனே கூட்டி வந்திருந்தான். தெருவே வாய் பிளந்து பார்த்தது. சொந்த மாமன்கூட இப்படிச் செய்யமாட்டான் என்று முணுமுணுத்தவர்களே சொன்னார்கள். அவன் ஜெயஸ்ரீக்கு மாலை போட்டான். அவள் பட்டுப்பாவாடையைப் பிடித்துக்கொண்டு அவன் காலில் விழுந்தாள். அவன் கை அவள் தலைக்குப் போகவில்லை, இரண்டு பக்கமும் தொங்கிக்கொண்டே இருந்தது. அவள் குனிந்தபடியே காத்திருந்தாள்.

புஷ்பவல்லி பக்கத்தில் வந்து நின்று, சிரித்த முகத்தோடு, அவனுக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னாள். பின்னால் நின்றதால் எனக்கும் கேட்டது.

"தலைல கைய வெய்யி. எல்லாரும் பாத்துகினு கீறாங்க."

அவன் கையை வைத்தான். பெண் எழுந்து, மாமா போட்டோவுக்கு நில்லுங்க என்றாள். நின்றான். பந்தி ஆரம்பித்து முதல் இலைக்கு அவனைத் தேடினார்கள். அதற்குள் அவன் தெருமுனை தாண்டிப் போயிருந்தான். மாமா ஏன் சாப்பிடாமல் போய்விட்டார் என்று ஜெயஸ்ரீ அம்மாவிடம் கேட்டாள். அவருக்குக் கடலுக்குப் போகிற நேரமாகிவிட்டது என்று சொல்லிவிட்டு, புஷ்பவல்லி அந்த இலையில் என்னை உட்காரச் சொன்னாள். நான் உட்கார்ந்து சாப்பிட்டேன்.